கோகோ வாங்கினால் டைனோசர் இலவசம்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் டைனோசர் அட்டைதான். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று என்று தெரிகிறது.

கேள்வி: என் பேரன் சேர்க்கும் டைனோசர் அட்டைகளில் ஒன்று பச்சை, ஒன்று ஊதா, இன்னொன்றுக்குப் புலிக்கோடு. இந்த நிறங்களை நேரில் பார்த்தவர் யார்?
(ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: ஓவியர்தான், அதுவும் மனக்கண்ணில். பெரும்பாலான டைனோசர்களில் நமக்கு மிஞ்சியது எலும்பு. எலும்பை வைத்து நிறம் சொல்ல முடியாது. ஆகவே என்ன வர்ணம் அடித்தாலும் மறுத்துச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. விதிவிலக்கு சில உண்டு. சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சின்னப் பிராணியின் இறகுத் தடயத்தில், நிறமித் துகள்களின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, வாலில் செம்பட்டையும் வெளிர் நிறமும் பட்டை பட்டையாக மாறி மாறி இருந்தன என்று 2010இல் சொன்னார்கள். பேரனின் அட்டையில் அந்த வால் நீலமாக இருந்தால் தாராளமாக மார்க்கைக் குறையுங்கள். மற்றவற்றுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிடுங்கள் ஐயா.

கேள்வி: இந்த அட்டைப் பைத்தியத்தைக் கிளப்பிவிட்டது ‘ஜுராசிக் பார்க்’ தானே?
(இல்லத்தரசி, மதுரை)

பதில்: பாவம், அந்தப் படம் 1993இல்தான் வந்தது. மாட்டிறைச்சிச் சாறு விற்ற லீபிக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டிலேயே சரக்கோடு வண்ணப்பட அட்டை கொடுத்து ஐரோப்பியக் குழந்தைகளைக் கெடுத்துவைத்திருந்தது. பிறகு ஹாம்பர்க் பக்கத்து வாண்ட்ஸ்பெக்கில் இருந்த ரைகார்ட் கோகோ கம்பெனி, ‘ஆதி உலக விலங்குகள்’ என்று ஒரு வரிசையே போட்டது. அதில் 1916 வாக்கில் படம் வரைந்தவர் ஹைன்ரிக் ஹார்டர். சாமானியர் இல்லை, பெர்லின் மீன் காட்சியகச் சுவரில் பதித்த ஆதி விலங்குப் படங்களும் அவர் கைவண்ணம்தான். பிரிட்டனில் ப்ரூக் பாண்ட் 1972இல் தேயிலைப் பொட்டலத்தோடு 50 அட்டை கொடுத்தது. ஆக, பெரியவர்கள் வாய்க்கு ஒன்று, சின்னவர்கள் கைக்கு ஒன்று. அப்பாவுக்கு டீ பிடிக்கிறதோ இல்லையோ, வரிசை முடிகிற வரை குடித்தாக வேண்டும்.

ஹார்டரின் டிப்ளோடோகஸ் அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவ்வளவு பெரிய உடம்பு, முதலை மாதிரி முழங்காலை இரு பக்கமும் அகட்டிக்கொண்டு கிடக்கும். அது ஓவியரின் விளையாட்டு இல்லை. டிப்ளோடோகஸ் பல்லி போலத்தான் நடந்தது என்று பெர்லினில் டோர்னியர் என்ற விலங்கியலாளர் 1909இல் அடித்துச் சொன்னார். அமெரிக்காவில் கார்னகி அருங்காட்சியகத்தின் ஹாலண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படி நடக்க வேண்டுமானால் அந்த வயிற்றுக்குத் தரையில் வாய்க்கால் வெட்டிக் கொடுக்க வேண்டும் என்கிற பாணியில் மறுத்தார். பிற்பாடு கிடைத்த காலடித் தடங்கள் ஹாலண்டுக்குத்தான் சாதகம்: இடது காலும் வலது காலும் நெருங்கி நடந்த தடம், வயிறு இழுபட்ட சுவடே இல்லை. ஆனால் அட்டை அச்சாகிவிட்டதே! ஹார்டரின் டிப்ளோடோகஸ் இன்னும் முழங்காலை அகட்டிக்கொண்டுதான் கிடக்கிறது.

அதனால்தான் பழைய அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். டைனோசரைப் பற்றி அது சொல்வது கொஞ்சம்; அந்த வருஷத்து மனிதர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைப் புட்டுப் புட்டு வைத்துவிடும்.

கேள்வி: ட்ரம்ப் கார்டு விளையாட்டில் வெலாசிராப்டர் வந்தால் நான் தோற்றுப்போகிறேன். சினிமாவில் மட்டும் அது ஆளையே அடிக்கிறதே?
(ஏழாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்)

பதில்: சினிமாக்காரர்கள் அதற்கு உயரத்தைக் கூட்டிச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள், தம்பி. மங்கோலியாவில் கிடைத்த அசல் வெலாசிராப்டர் ஒரு வான்கோழி அளவுதான். முன்கை எலும்பில் இறகு பொருந்திய முண்டுகள் இருப்பதை 2007இல் காட்டிவிட்டார்கள், அதனால் இறகும் உண்டு. ‘எடை’யில் மோதாதே. ‘வேகம்’ சொல்லிப் பார். அதிலும் ஒரு விஷயம்: கால்தடங்களின் இடைவெளியையும் இடுப்பு உயரத்தையும் வைத்து வேகத்தைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றை 1976இல் மெக்நீல் அலெக்சாண்டர் கொடுத்தார். ஒரு தடத்தைப் போட்ட பிராணி அன்றைக்கு எவ்வளவு வேகமாகப் போனது என்பதை அது சொல்லும். அது உயிர் பிழைக்க ஓடியதா, சாவகாசமாக நடந்து போனதா என்பது வேறு கதை. அட்டையில் தசமப் புள்ளி வரைக்கும் வேகம் போட்டிருந்தால் அச்சகத்தாரின் தன்னம்பிக்கையைப் பாராட்டு.

கேள்வி: டைனோசர் அட்டைகளில் உங்கள் அனுதாபத்துக்குரியது எது?
(வங்கி ஊழியர், சேலம்)

பதில்: ஓவிராப்டர். முட்டைக் குவியல் மேல் கிடைத்த எலும்புக்கூட்டைப் பார்த்து, 1924இல் முட்டைத் திருடன் என்று பட்டம் கட்டினார்கள். அப்புறமென்ன, பல அட்டைகளில் கையும் முட்டையுமாகப் பிடிபட்டவன் போலவே வரைந்தார்கள். 1993இல் அதே மாதிரி முட்டை ஒன்றுக்குள் இருந்த கரு, இந்த இனத்தின் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. திருடியதாகச் சொன்ன முட்டை, அடைகாத்த சொந்த முட்டை! ஆனால் ஒரு முறை முறைப்படி சூட்டிய அறிவியல் பெயரை, பொருந்தவில்லை என்பதற்காக மாற்ற விதியில் இடமில்லை. தீர்ப்பு வந்தும் எஃப்.ஐ.ஆர். அப்படியே நிற்கிறது.

கேள்வி: டைமெட்ரோடான், டெரனோடான் அட்டைகளும் கட்டில் இருக்கின்றன. சரியா?
(வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டும் டைனோசர் இல்லை. டெரனோடான் பறக்கும் ஊர்வன, தூரத்துப் பங்காளி. முதுகில் பாய் விரித்த டைமெட்ரோடானோ டைனோசரைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். கட்டிலிருந்து எடுத்துக் குடும்ப ஆல்பத்தில் ஒட்டுங்கள்.

கேள்வி: எல்லா அட்டையும் அமெரிக்காவும் சீனாவும்தானா? நம்ம ஊருக்கு ஒன்று கிடையாதா?
(கல்லூரி மாணவி, பெரம்பலூர்)

பதில்: குஜராத்தில் ரஹியோலி பக்கம் கிடைத்த ராஜாசாரஸுக்கு 2003இல் பெயர் சூட்டினார்கள். தலையில் கொம்பு, மாமிசப் பட்சிணி, அட்டைக்கென்றே பிறந்த முகவெட்டு. ஆனால் நீங்கள் ஏன் அவ்வளவு தூரம் போகிறீர்கள்? பக்கத்து அரியலூரில் இரண்டு ஆள் இருக்கிறார்கள். இருக்கிறார்களா என்பதுதான் வழக்கே.

முதல் ஆள் திராவிடோசாரஸ். யாதகிரியும் அய்யாசாமியும் 1979இல் விவரித்தார்கள். முதுகில் தகடு நட்ட ஸ்டெகோசாரஸ் வகை என்றார்கள். 1990களில் வேறு ஆய்வாளர்கள் பார்த்துவிட்டு, இது நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வனவின் எலும்பு என்றார்கள். அப்போது கடல் இருந்த இடம்தானே அரியலூர்! வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இரண்டாமவர் பிருஹத்காயோசாரஸ். கல்லமேடு கிராமத்தில் கிடைத்தவர், 1987இல் அதே இருவர் விவரித்தது. கால் எலும்பு என்று அவர்கள் சொன்ன ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம். முதலில் மாமிசப் பட்சிணி என்று நினைத்தார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர பட்சிணி என்று திருத்தினார்கள். சிலரது மதிப்பீட்டில் எடை 100 டன்னைத் தாண்டுகிறது. ட்ரம்ப் கார்டில் ‘எடை’ என்று சொன்னால் மேஜையே காலி. ஆனால் அந்த எலும்புகள் சிதைந்து பொடிந்து போய்விட்டன. மிச்சம் வரைபடமும் புகைப்படமும்தான். எல்லா அட்டையையும் அடிக்கக்கூடிய அட்டை நம்மிடம் இருக்கிறது, காட்டச் சொன்னால்தான் சங்கடம்.

உங்கள் மாவட்டத்துக்கும் ஒரு ஆறுதல் இல்லை. 2020இல் குன்னம் பக்கம் குளத்தில் டைனோசர் முட்டை என்று வாட்ஸப்பே அதிர்ந்தது. நிபுணர்கள் போய்ப் பார்த்தால் அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றி இறுகிய படிவு உருண்டை. அம்மோனைட்டுக்கும் ஒரு அட்டை போடலாம், தப்பில்லை.

கேள்வி: ஒரு டி.ரெக்ஸ் கொடுத்தால் மூன்று ட்ரைசெராடாப்ஸ் தருகிறேன் என்கிறான் நண்பன். கொடுக்கலாமா?
(ஐந்தாம் வகுப்பு மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: உன் நண்பனுக்குச் சந்தை நிலவரம் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் மொன்டானா பாறைகளில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன, அதிகம் கிடைப்பது ட்ரைசெராடாப்ஸ்தான். டி.ரெக்ஸ் கடித்த பல் தடம் ஒரு ட்ரைசெராடாப்ஸின் இடுப்பெலும்பில் இருக்கிறது. இன்னொன்றின் கொம்பிலோ கடிபட்டு ஆறிய தழும்பு! அதாவது தப்பித்துப் பிழைத்திருக்கிறது. இந்தத் தழும்புக் கதையை மட்டும் பேரம் முடிகிற வரை அவனிடம் சொல்லாதே, விலையை ஏற்றிவிடுவான். நான்கு கேள், மூன்றுக்கு முடி.