தானே சூடாகும் மாஸ்க்

மத்திகிரிக் குளிரில் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறேன். தண்ணீர் பட்டதும் தானே சூடாகும் ஃபேஸ் மாஸ்க் போட்டால் முகம் பளபளக்குமா?

வாசகி, மத்திகிரி

அடுப்பும் கரண்ட்டும் இல்லாமல் சூடு ஏற்றுவதே உங்கள் ஈர முகம்தானே! பூச்சில் தண்ணீர் கிடையாது. கிளிசரின் போன்றவற்றில் குழைத்த ஜியோலைட் தூள் இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும்போது வெப்பம் வெளியேறும். சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதிக்குமே, அதன் சாதுவான தம்பி இது. சில நிமிடத்தில் ஆறிவிடும். அதற்குள் மூக்கோர எண்ணெய்ப்பசை இளகும். கழுவினால் போகும், அவ்வளவே. தோல் துவாரம் 'திறக்கும்' என்பார்கள். திறந்து மூட அங்கே தசை ஏது? பளபளப்புக்குப் பகலில் நன்றாகத் தூங்குங்கள்.

கன்னத்தில் மங்கு என்னும் கருந்திட்டு இருந்தாலோ, ஏற்கெனவே சூடு படும் ஃபவுண்டரி உலைப் பக்கம் வேலை என்றாலோ இது வேண்டவே வேண்டாம். சூடு அந்தக் கருந்திட்டைக் கூட்டும்.