கணினி மாற்றுமுன் மச்சானைக் கேளுங்கள்

2025 அக்டோபர் 14 அன்று, நல்ல ஆரோக்கியத்தோடு ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ வீட்டுக் கணினிகள் ஒரே நாளில் கிழடாகிவிட்டன. அன்றைக்கும் அவை வழக்கம்போல எழுந்தன, பாட்டுப் போட்டன, மின்கட்டணம் கட்டின. ஆனால் விண்டோஸ் 10-க்கு இனி இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் நாள் குறித்து வைத்திருந்தது அன்றைக்குத்தான். கேட்டுப் பதிவு செய்துகொள்கிறவர்களுக்கு மேலும் ஓராண்டு உண்டு என்று கொஞ்சம் மனமிரங்கினார்கள். இதில் வேடிக்கை, 2015-இல் அந்தப் பதிப்பு வரவிருந்த நேரத்தில், இதுதான் கடைசி விண்டோஸ் என்று அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே மேடையில் சொல்லியிருந்தார். 2021-இல் விண்டோஸ் 11 வந்துவிட்டது. அதற்குத் தாவலாம் என்றாலோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் வேண்டும். ஏறத்தாழ 2017-க்கு முன் பிறந்த பெட்டிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. இந்த இடத்தில்தான் வீட்டில் பேச்சு தொடங்குகிறது. இதே விண்டோஸில் புதிதாக ஒன்று வாங்குவதா, செலவோடு செலவாக மேக்குக்கு மாறுவதா, பழைய பெட்டியிலேயே லினக்ஸ் போட்டுப் பார்ப்பதா?

பதில் தேடப் புறப்படுகிறவர் முதல் வேலையாகப் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, திரையின் பிரகாசம் என்று ஒரு பட்டியல் போடுகிறார். வாழ்நாளில் ஒரு வீடியோவைக்கூட வெட்டி ஒட்டாதவர், எந்த இயந்திரம் 4கே வீடியோவை எவ்வளவு வேகமாக முடித்துக் கொடுக்கும் என்று நள்ளிரவு வரை கண்விழித்து ஒப்பிடுகிறார். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடலாம் என்பது என் கட்சி. வீட்டுக் கணினி விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அது மக்கர் செய்தால் யார் வந்து பார்ப்பார்? அவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதை வாங்குங்கள். ஸ்கூட்டர் வாங்குகிறவர் எஞ்சினைப் பிரித்தா பார்க்கிறார்? தெருமுனை மெக்கானிக்குக் கை பழகிய வண்டியா என்றுதானே விசாரிக்கிறார்? கணினிக்கு அப்படி வந்து பார்ப்பவரை வசதிக்காக மச்சான் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அது உறவுமுறை அல்ல, பதவி. அக்கா மகனும் வகிக்கலாம், மூன்றாவது வீட்டு இன்ஜினியரிங் மாணவியும் வகிக்கலாம். சம்பளம் கிடையாது, காபி உண்டு.

இயந்திரத்தின் திறமையை இப்படித் தூக்கி எறியலாமா என்றால், வீட்டுக் கணினி இன்று என்ன வேலை பார்க்கிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், வரித் தாக்கல், பிள்ளையின் தேர்வு விண்ணப்பம், யூடியூப் எல்லாமே பிரவுசருக்குள்தான் நடக்கின்றன. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் மூன்று வகைக் கணினியிலும் ஏறக்குறைய ஒரே முகத்தோடு இருக்கின்றன. பிரவுசருக்கு வெளியே இருக்கும் பெரிய சவால், போட்டோவையும் கையெழுத்தையும் விண்ணப்பம் கேட்கும் கேபி-க்குள் அடக்குவது. அதற்கு எந்தப் பிராசசரும் போதும், பொறுமைதான் போதாது. விதிவிலக்குகள் உண்டு. டேலியில் கணக்கு எழுதுகிறவரும், டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகித் தொழில் நடத்துகிறவரும் விண்டோஸை விட்டு நகர்வது வீண் வம்பு. சினிமா எடிட் செய்கிறவருக்கும் கேம் ஆடுகிறவருக்கும் தங்களுக்கு எது வேண்டும் என்று தெரியும். அவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மாறுவதால் வரும் தொல்லைகளுக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை. ஒருவர் விண்டோஸிலிருந்து மேக்குக்குப் போகிறார் என்று வையுங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்தி நகலெடுத்துப் பழகிய விரல் இனி கமாண்ட் விசையைத் தேட வேண்டும். மூலையிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் சன்னல்தான் மூடும். செயலி பின்னால் விழித்துக்கொண்டே இருக்கும். கல்யாணப் போட்டோக்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்கைச் செருகினால் இன்னும் விசேஷம். அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் ஆனதாக இருந்தால், மேக் எல்லாப் படத்தையும் காட்டும், ஆனால் ஒன்றைச் சேர்க்கவோ அழிக்கவோ விடாது. டிஸ்க் போய்விட்டது என்று வீடே துக்கம் கொண்டாடத் தொடங்கும் நேரத்தில், விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால், படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு டிஸ்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் போட்டுக் கொடுப்பார். அதன் பிறகு இரண்டு வகைக் கணினியிலும் எழுதலாம். இந்தத் தொல்லைகளில் ஒன்றுகூட விலைப்பட்டியலில் இராது. தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் எதுவும் பெரிய வேலையும் இல்லை. இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். சில வீடுகளில் அதோடு பேச்சுவார்த்தையும் நிற்கும்.

வீட்டுக்கு மட்டும் பொருந்துகிற விதி இல்லை இது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் தன் அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றும் முடிவுக்கு வந்தது. அதைத் தடுப்பதற்காக மைக்ரோசாஃப்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர், சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு மேயர் கிறிஸ்டியன் ஊடேயைப் பார்க்க ஓடினார். பலிக்கவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டு, 2013-க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றி முடித்தார்கள். 2017-இல் அதே மாநகர மன்றம், மறுபடி விண்டோஸுக்கே போவோம் என்று வாக்களித்தது. லினக்ஸ் தோற்றது என்று ஒரு சாரார் தண்டோரா போட்டார்கள். ஆனால் மாநகராட்சிக்காக அக்சென்சர் நிறுவனம் பங்கேற்றுத் தயாரித்த ஆய்வு, பெரிய கோளாறு மென்பொருளில் இல்லை, யார் எதற்குப் பொறுப்பு என்று தெளிவில்லாமல் சிதறிக் கிடந்த நிர்வாக அமைப்பில்தான் இருக்கிறது என்றது. பிரிண்டர் ஓடாவிட்டால் யாரிடம் போவது என்று தெரியாத குமாஸ்தா, லினக்ஸின் சின்னமான அந்த அப்பாவிப் பென்குயினைத்தான் திட்டுவார். 2020-இல் புதிய கூட்டணி வந்து, முடிந்த இடத்திலெல்லாம் திறந்த மென்பொருளே என்று மீண்டும் திரும்பியது தனி நகைச்சுவை. இதற்கு நேர்மாறாகப் பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் கீழ் 2000-களின் நடுவில் பள்ளிகள் லினக்ஸுக்குப் போயின. திரும்பி வரவே இல்லை. மலையாளக் குழந்தையின் விரல் ஜெர்மன் குமாஸ்தாவின் விரலைவிடச் சாமர்த்தியமானது என்பதாலா? ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளியிலேயே ஓர் ஆசிரியரை ஐடி ஒருங்கிணைப்பாளராக வைத்தார்கள். அதாவது, பள்ளிக்கு ஒரு மச்சான்.

மேக் கெட்டே போகாது, அதற்கு மச்சான் எதற்கு என்று ஒரு கட்சி கேட்கும். 2006 முதல் 2009 வரை ஆப்பிள் வெளியிட்ட விளம்பரங்களில், கோட்டு சூட்டோடு திணறும் விண்டோஸ் கணினியாக ஜான் ஹாட்ஜ்மன் வருவார்; ஜீன்ஸ் போட்ட ஒய்யார மேக்காக ஜஸ்டின் லாங் வருவார். அதே ஜஸ்டின் லாங் 2021-இல் இன்டெலின் விளம்பரத்தில் வந்து மேக்கைக் கிண்டல் செய்தார். அவருக்கு மாறுவது எளிது. மாறுவதற்குப் பணம் கொடுத்தார்கள். நாம் கொடுத்துவிட்டு மாற வேண்டியிருக்கிறது. மேக் நன்றாக உழைக்கும், பேட்டரி வெகுநேரம் நிற்கும் என்பதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் மச்சானுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை இயந்திரக் கோளாறே அல்ல. பாஸ்வேர்டு மறந்துபோகும், போட்டோ நிரம்பி இடமில்லை என்று செய்தி வரும், அனுப்பிய கோப்பு எதிர்ப்பக்கம் திறக்காது. இவை விலை பார்த்து வருவதில்லை. தவிர, இன்றைய மேக் லேப்டாப்பில் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. வாங்குகிற அன்று எடுத்த முடிவோடு கடைசிவரை வாழ வேண்டும். சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போய் இரண்டு ரேம் பட்டையைச் செருகிவிட்டுத் திரும்பும் பாக்கியம் இல்லை. மாற்றங்களே வேண்டாமென்று மேக்குக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். ஆப்பிள் 1994-இல் ஒருமுறையும், 2006-இல் ஒருமுறையும், 2020-இல் ஒருமுறையும் பிராசசர் குடும்பத்தையே மாற்றியிருக்கிறது. இன்டெல் பிராசசர் உள்ள மேக்குகளுக்கு 2025-இல் வந்த மேக் ஓஎஸ் டஹோதான் கடைசிப் பதிப்பு என்றும் அறிவித்துவிட்டது. கைகழுவும் கலை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

லினக்ஸ்காரர்களின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பைசா செலவில்லை, நல்ல பெட்டியைக் குப்பையில் போட வேண்டியதில்லை, வைரஸ் தொல்லையும் குறைவு. எல்லாம் உண்மை. லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, உள்ளே எதையும் அழிக்காமல் அப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்; புதுக் கணினி விற்கும் எந்தக் கடையும் தராத சலுகை அது. ஆனால் லினக்ஸைப் பரிந்துரைக்கிறவர்கள் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அவர்கள் தங்களுக்குத் தாங்களே மச்சான்கள். அவர்களுக்கு வெளியாள் தேவைப்பட்டதில்லை. அதனால் அது ஒரு தேவை என்பதே அவர்கள் கணக்கில் வருவதில்லை. புதிய பிரிண்டர்கள் லினக்ஸில் தானாகவே ஓடுகின்றன. ஜெராக்ஸ் கடையிலும் வக்கீல் அலுவலகத்திலும் சாகாவரம் பெற்று உட்கார்ந்திருக்கும் பழைய லேசர் பிரிண்டர்களில் சில, தனி டிரைவர் போட்டு, கறுப்புத் திரையில் நாலைந்து கட்டளை அடித்து, கொஞ்சம் வேண்டிக்கொண்டால்தான் அசையும். லினக்ஸ்காரர் இதைப் பத்து நிமிட வேலை என்பார். அவர் சொல்வது அவருடைய பத்து நிமிடம்.

தமிழில் எழுதுகிற வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் தடிக்கிறது. யூனிகோடு பரவுமுன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகள் பல வீடுகளில் உண்டு. அவை உள்ளே ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் முகமூடி. எழுத்துருவைக் கூடவே எடுத்துப் போகாமல் புதுக் கணினியில் திறந்தால், தாத்தா எழுதிய குடும்ப வரலாறு பூனை விசைப்பலகையில் நடந்தது போல இருக்கும். எழுத்துருவை மேக்கிலும் லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் என்எச்எம் ரைட்டர், அழகி என்று விண்டோஸில் பழகிய கருவிகள் அங்கே கிடைக்காது. தமிழ் 99 விசைப்பலகை தெரிந்தவருக்கு எங்கே போனாலும் கவலையில்லை. மூன்றிலும் அது உண்டு. தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்த பெரியவரின் விரல்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். ஆகவே கணினியை மாற்றுமுன் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தக் கோப்பு எந்தக் குறியாக்கம் என்று பார்த்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

ஆளே வேண்டாம், எதையும் இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்கிறவர்களும் உண்டு. கேட்கலாம், கோளாறு என்னவென்று சொல்லத் தெரிந்தால். 'அந்த நீலக் கட்டம் வந்துச்சு, ஏதோ அழுத்தினேன், அப்புறம் எல்லாம் காணோம்' என்ற வாக்குமூலத்திலிருந்து உண்மையைக் கறக்க மச்சானுக்கு மட்டுமே தெரியும். என்ன அழுத்தியிருப்பீர்கள் என்பது அவருக்கு உங்கள் சுபாவத்திலிருந்தே தெரியும். இயந்திரமோ, கேட்ட கேள்விக்கு நம்பிக்கையோடு பதில் சொல்லும். அது வேறு பதிப்புக்கான பதிலாகவும் இருக்கலாம். லினக்ஸில் முழு அதிகாரத்தோடு ஓடும் ஒரு சூடோ கட்டளையை அர்த்தம் தெரியாமல் ஒட்டி என்டர் தட்டினால், கணினியும் பாஸ்வேர்டை மட்டும் கேட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் நிறைவேற்றிவிடும்.

கடைசியாக ஒரு நியாயமான குற்றச்சாட்டு. மச்சான்களில் பெரும்பாலோர் விண்டோஸ்காரர்கள். அவர்களைப் பின்பற்றினால் உலகம் என்றைக்கும் விண்டோஸிலேயே கிடக்கும். இது ஏகபோகத்துக்குப் பல்லக்குத் தூக்குவது ஆகாதா? ஆகும். பலர் வைத்திருப்பதாலேயே இன்னும் பலர் வாங்குவது சந்தையின் பழைய நோய். ஆனால் அதற்கு மருந்தை ஓய்வு பெற்ற சித்தப்பாவின் கணினியில் தொடங்குவது என்ன நியாயம்? கேரளம் குழந்தைகளை மட்டும் தனியாக லினக்ஸில் தள்ளிவிடவில்லை. லினக்ஸ் பரவ வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முதலில் மச்சான்களை மாற்றட்டும். ஒரு மச்சான் மாறினால் ஏழெட்டு வீடு மாறும். அதுவரை சித்தப்பாவை விட்டுவிடுங்கள்.

சரி, மச்சானே இல்லாத வீடு என்ன செய்வது? தெருமுனைக் கடைக்காரர்தான் அந்த வீட்டுக்கு மச்சான். 'ஃபார்மேட் போட்டுறலாம் சார்' என்பது எந்த நோய்க்கும் அவர் எழுதும் மருந்துச்சீட்டு. அதை விண்டோஸுக்கு எழுதித்தான் அவருக்குப் பழக்கம். ஆகவே அங்கேயும் பதில் கிடைத்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகள் வீடியோ அழைப்பில்தான் வழி சொல்வாள் என்றால், அவள் மேஜையில் மேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் மேக்குக்குப் போகலாம், விலையில் ஒரு பகுதியை அவளிடமே கேட்டும் பார்க்கலாம். உள்ளூர் மச்சானுக்குத் திடீரென்று வேலை மாறி, புது அலுவலகத்தில் அவர் கையிலும் மேக்கைக் கொடுத்துவிட்டால்? பதற வேண்டாம். தன் பழைய லேப்டாப்பை அவர் என்ன செய்யப் போகிறார் என்று வேறு யாரும் கேட்குமுன் விசாரித்து வையுங்கள்.