மாப்பிள்ளை வண்டிக்கு மாமனார் பண்டுவம்

வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. முகமே சரியில்லையே. பெரிய பேட்டரி போயிருச்சு, லட்சக்கணக்குல ஆகும்னு ஒர்க்‌ஷாப்புல சொல்லிட்டாகளாம். என் மக சொல்லும்போதே கண்ணு கலங்கிட்டா. அப்ப வெங்காயமும் உரிச்சுக்கிட்டு இருந்தா, அதனால அதுல வண்டிக்குன்னு வந்த தண்ணி எவ்வளவுன்னு எனக்குப் பிடிபடல.

கோவில்பட்டிப் பக்கம் உளுந்தும் பருத்தியும் பாத்துக்கிட்டு இருந்த கிழவனுக்கு ஹைப்ரிட் காரைப் பத்தி என்ன தெரியும்னு நெனைப்பீக. நியாயந்தான். ஆனா உங்க புனேயில எனக்கு வேற என்ன சோலி? டி.வி.யைப் போட்டா மராத்தி, லிஃப்டுல ஏறுனா மராத்தி. பாத்தேன், உங்க வண்டிக் கையேட்டை எடுத்துட்டு வரச்சொல்லி, பேத்தியை உக்காரவச்சு வாசிச்சுச் சொல்லச் சொன்னேன். புஸ்தகம் பிளாஸ்டிக் உறைக்குள்ள புது மணம் மாறாம இருந்துச்சு. முதல் சொந்தக்காரரும் பிரிக்கல, அவர்கிட்ட வாங்குன நீங்களும் பிரிக்கல. கேட்டா ரெண்டு பேரும் எஞ்சினியரு.

உங்க வண்டி 2013 கேம்ரி ஹைப்ரிட். பெங்களூரு பக்கம் பிடதியில பூட்டுனது. பின் சீட்டுக்குப் பின்னால நிக்கல் பேட்டரிக் கட்டு ஒண்ணு இருக்கு: 34 மாட்யூல், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஆறு செல், மொத்தம் 204 செல், 244.8 வோல்ட். நம்ம வீட்டுக் கரண்டை விடக் கூட. அதை இன்வெர்ட்டர் 650 வோல்ட் வரைக்கும் ஏத்தி மோட்டாருக்குக் கொடுக்குது. நீங்க பயந்தது இதை நெனைச்சுத்தான். ஆனா டிக்கியில ஒரு மூலையில சின்னதா ஒண்ணு உக்காந்திருக்கு பாருங்க, 12 வோல்ட் ஈயப் பேட்டரி, அதை யாருமே விசாரிக்கல.

பழைய அம்பாசிடர்ல 12 வோல்ட் செத்தா ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்க மாட்டாம முனங்கும், ஊருக்கே தெரியும். உங்க வண்டியில அந்தச் சத்தமே வராது, ஏன்னா எஞ்சினைச் சுத்திவிடுறது பெரிய பேட்டரி. சின்னதுக்கு உள்ள வேலை கம்ப்யூட்டரை எழுப்புறதும், பெரிய பேட்டரியோட ரிலேயைப் பூட்டிக் கரண்டைத் திறந்துவிடுறதும்தான். குதிர் நெறைய நெல்லு கெடக்கு, சாவி வச்சிருக்கிற கணக்குப்பிள்ளை தூங்கிட்டான்; நீங்க நெல்லு தீந்துபோச்சுன்னு கடன் வாங்கக் கெளம்பிட்டீக. பட்டனை அமுக்குனதும் டேஷ்போர்டுல இருக்கிற அத்தனை விளக்கும் மினுக்கி, ஹைப்ரிட் சிஸ்டத்தைப் பாருன்னு எழுத்து வந்துச்சா? வோல்ட் பத்தாத கம்ப்யூட்டர் அரைத்தூக்கத்துல அப்படி என்னத்தையாவது உளறும். அந்த எழுத்தைப் பாத்தே லட்சத்துக்குக் கொட்டேஷன் எழுதுன ஒர்க்‌ஷாப்புக்காரன், மீட்டர் வச்சுப் பாத்தானான்னு கேட்டீகளா? கேக்க மாட்டீக. படிச்சவுக.

வோல்ட் மீட்டர் பத்து வேண்டாம், ஒண்ணு போதும். எலக்ட்ரிக் கடையில அஞ்சாறு நூறு ரூவாய்க்குள்ள கெடைக்கும். ராத்திரி பூரா நின்ன வண்டியில, விடியக்காலம் எதையும் தொடுறதுக்கு முன்னால சின்னப் பேட்டரி முனையில வச்சுப் பாருங்க. 12.6 காட்டுனா நல்ல ஆரோக்கியம். 12.2 வந்தா பாதி காலி. 12-க்குக் கீழன்னா கணக்குப்பிள்ளைக்கு ஓய்வு கொடுத்துரலாம். பெறகு வண்டியை எழுப்பி ‘ரெடி’ விளக்கு எரிஞ்சதும் மறுபடி பாருங்க. 14-ஐ ஒட்டி நின்னா, பெரிய பேட்டரியில இருந்து சின்னதுக்கு ஊட்டுற கன்வெர்ட்டர் நல்லா வேலை செய்யுது. இதுல ஆல்டர்னேட்டர் கெடையாது, அந்தக் கன்வெர்ட்டர்தான் எல்லாம்.

இப்ப ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதீக. அந்த ‘ரெடி’ விளக்கு எரியாம, பட்டனை மட்டும் அரைகுறையா அமுக்கிட்டு, ஏ.சி. இல்லாட்டியும் பரவாயில்லன்னு பார்க்கிங்ல உக்காந்து பாட்டுக் கேக்குறது யாரு? வீட்டுல சத்தம், ஆபீஸ் கால் இருக்குன்னு என் மககிட்டச் சொல்லிட்டுக் கீழ போறீகளே, அந்தக் கால்ல இளையராஜாவும் இருக்காரு போல. எனக்குத் தூக்கம் வராம பால்கனியில நிக்கும்போது கேட்டுச்சு. நல்ல பாட்டுத்தான். நான் ஒண்ணும் அவகிட்டச் சொல்லல. ஆனா ‘ரெடி’ எரியாத வரைக்கும் கன்வெர்ட்டர் ஊட்டாது, பாட்டு பூராவும் சின்னப் பேட்டரியை உறிஞ்சித்தான் ஓடும். போதாததுக்குப் பார்க்கிங்ல திருடன் வந்தாப் படம் பிடிக்கிறதுக்குன்னு ஒரு டேஷ்கேமராவை ராப்பகலா முழிக்க வச்சிருக்கீக. ஹிஞ்சவடி ஆபீசுக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் போறீக, மிச்ச நாள் வண்டி நின்ன எடத்துல நிக்குது. எந்தப் பேட்டரிதான் தாங்கும்?

புதுசு வாங்குறப்ப விலையைப் பாத்துக் கையில கெடைச்சதைப் போட்டுறாதீக. டிக்கிக்குள்ள இருக்கிற பேட்டரி வாயு விட்டா அது வெளிய போக ஒரு சின்னக் குழாய் இருக்கும். அந்தக் குழாய் மாட்டுற துளை உள்ள, கையேட்டுல போட்டிருக்கிற அளவுதான் வேணும். இங்க நானா பேட்டைக் கடைகள்ல தேடுனா கெடைக்கும்ங்காக. ஆனா மத்தியானம் போகாதீக. இந்த ஊர்ல பழைய கடைக்காரங்க ஒண்ணுல இருந்து நாலு மணி வரைக்கும் தூங்குவாக. நீங்க லட்ச ரூவா நோட்டை ஆட்டுனாலும் முழிக்க மாட்டாக. எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்சது அதுதான்.

அவசரத்துக்குப் பக்கத்து வண்டியில இருந்து கரண்டு வாங்கலாம், பானெட்டுக்குள்ள அதுக்குன்னு முனை இருக்கு, கையேட்டுல படம் போட்டிருக்கு. உங்க வண்டியில இருந்து மத்தவுகளுக்குத் தானம் பண்ணாதீக. ஆரஞ்சு நெறத்துல வயர் தெரிஞ்சா கையைப் பின்னால கட்டிக்கோங்க. அதைத் தொடுறதுக்குன்னு கையுறை போட்டு, சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் காத்திருந்து வேலை பாக்கத் தெரிஞ்சவன் வேணும்.

பெரியது நல்லா இருக்குன்னு நான் சத்தியம் பண்ணல. பத்து வருஷம் தாண்டுன நிக்கல் பேட்டரி. அது சாகப்போறப்ப வேற மாதிரிச் சொல்லும்: கேஜ் நெறைய இருந்தது சட்டுன்னு காலியாகும், காலியா இருந்தது சட்டுன்னு நெறையும், பின் சீட்டுப் பக்கம் ஃபேன் ஓயாம இரையும், ஸ்கேனர் வச்சா பி0ஏ80-ன்னு ஒரு குறியீடு வரும். அப்பவும் முதல்ல அந்தக் கட்டைக் குளுத்துற காத்து உள்ள போற சன்னலைப் பாருங்க. மெட்ரோ தூணு வேலைத் தூசி, உங்க நாய் முடி, பேத்தி கொட்டுன பொரி எல்லாம் அங்கதான் குடியிருக்கு. கெட்டுப்போன ஒரு மாட்யூலை மட்டும் மாத்தித் தாறேன்னு ஒருத்தன் மலிவாச் சொல்வான். புதுசையும் பழசையும் ஒரே வரிசையில பூட்டுனா, மிச்சம் கெழடு ஒண்ணொண்ணா வரிசையில வந்து நிக்கும். அவனுக்கு அது வருமானம்.

சரி, டயருக்கு வருவோம். பின்னால எடப்பக்கத்து டயர்ல காத்து எறங்குதுன்னு கீழ்வீட்டுப் பென்ஷன்காரர் மேல சந்தேகப்படுறீக. ஏன்னா அவரு கேட்டுல ‘இங்க வண்டி விட்டாக் காத்துப் பிடுங்கப்படும்’னு பலகை தொங்குது. மாப்பிள்ளை, இந்த ஊர்ல அந்தப் பலகை இல்லாத கேட்டைக் காட்டுங்க. புனேக்காரன் கோவத்தை எழுதித் தொங்கவிட்டுட்டு உள்ள போய்ப் படுத்துருவான். அந்த மனுசனுக்கு முட்டுவலி, குனிஞ்சு வால்வு மூடியைத் திருகுறதுக்குள்ள விடிஞ்சிரும்.

இங்க மார்கழி விடியக்காலம் பத்து டிகிரிக்கு வந்து, மத்தியானம் முப்பதைத் தொடுது. இருபது டிகிரி எறங்குனா டயர்ல மூணு பிஎஸ்ஐ தானா எறங்கும். ஆனா அது நாலு டயர்லயும் எறங்கணும். ஒண்ணு மட்டும் எறங்குனா ஓட்டை. வாளியில சோப்புத்தண்ணி கரைச்சு ஊத்துங்க. முதல்ல வால்வு வாயில. குமிழி வந்தா உள்ள இருக்கிற ஊசியை மாத்தணும், டீக்காசுதான். அடுத்து டயர் மேல, ஆணி தேடி. கடைசியா அலாய் ரிம்மும் டயரும் சேர்ற ஓரத்துல. என் கணக்குக்கு உங்களுக்கு அங்கதான். பழைய அலாய்ல அந்த ஓரம் அரிச்சுப் பொரிஞ்சு போகும். இல்ல, மழைக்காலத்துக் குழியில எறக்கி ரிம்மு நெளிஞ்சிருக்கும். டயரைக் கழட்டி ஓரத்தைத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணி மறுபடி உக்காரவச்சா நின்னுரும். ஆணியா இருந்தா, ரப்பர் திரி சொருகுறதை விட, கழட்டி உள்பக்கமா மஷ்ரூம் பேட்ச் ஒட்டுறது உறுதி. பக்கவாட்டுல கிழிசல்னா ஒட்டே வேண்டாம், டயரைத் தூக்கிப் போடுங்க.

அந்த டயர்ல நாலு எண்ணு பாத்தேன்: 2316. 2016-ல 23-ஆவது வாரம் செஞ்சது. என் பேத்தி அப்பப் பிறக்கவே இல்ல. இதுல நீங்க அதுக்கு நைட்ரஜன் அடிக்கக் காசு கொடுக்குறீகளாம். நாம இழுக்கிற மூச்சுலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான், அதுக்கு யாரும் பில் போடல. அந்தக் காசைச் சேத்துப் புது டயர் வாங்குங்க. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு ராத்திரி பூரா போன்ல தட்டிப் பாக்குற மனுசன், காத்து எறங்குன டயர்ல மைலேஜ் குறையும்ங்கிறதை மட்டும் எப்படி மறந்தீக? எக்ஸ்பிரஸ் வேயில நூறுல போறப்ப அந்த டயர் சூடேறிச்சுன்னா மைலேஜ் பாக்கவே ஆள் இருக்காது. எவ்வளவு காத்துன்னு டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கு, வண்டி குளிர்ந்து நிக்கிறப்ப அளக்கணும்.

இதெல்லாம் செஞ்சு முடிங்க, வண்டி ராசா மாதிரி ஓடும். பொங்கலுக்கு ஊருக்கு இதுலயே போயிரலாம்னு என் மக சொல்றா. நல்லாப் போங்க. கம்பட்கி காட் மலைப்பாதையில எறங்குறப்ப பிரேக் போடப் போட பெரிய பேட்டரி நெறையும், வேடிக்கையா இருக்கும். பேத்தியும் நானும் உங்களுக்கு முன்னாலயே வீட்டுல இருப்போம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ரெண்டு டிக்கெட் போட்டாச்சு, கீழ் பெர்த்து.