சம்பந்தி சமூகத்திற்கு

மாண்புமிகு இயங்குதளத் தொகுப்புப் பராமரிப்புக் குழுவினர் அவர்களுக்கு,

பட்டா நகல் எடுக்க வந்த பெரியவர் கண்ணெதிரே, ஓர் அப்டேட்டால் என் கடைக் கணினியைக் கறுப்புத் திரையாக்கி அருளினீர்கள். திருட்டு விண்டோஸ் 7 ஓடும் எதிர்க்கடையில் நகல் எடுத்துத் திரும்பியவர், "தம்பி, நீயும் அவன்கிட்ட சொல்லி ஒண்ணு போட்டுக்கயேன்" என்று அறிவுரையும் கொடுத்துவிட்டுப் போனார். கட்டற்ற மென்பொருளின் பெருமையைத் தெருவெல்லாம் பேசிய வாய் இது. மூடிக்கொண்டேன்.

தங்கள் அப்டேட் ஒரு கல்யாணம் என்பது எனக்குப் புரிகிறது. புதுக் கெர்னல் மாப்பிள்ளை தனியாக வரமாட்டார். ஹெட்டர், மாட்யூல் என்று சம்பந்தி வீட்டுப் படையே கூட வரும். வரட்டும். ஆனால் மண்டபம் பார்த்தது யார்? 500 ஜிபி வட்டில் பூட் பார்ட்டிஷனுக்கு 512 எம்பி போதும் என்று முடிவு செய்தது தங்கள் இன்ஸ்டாலர் அல்லவா? அதிலும் முந்தைய மாப்பிள்ளைகள் யாரும் இன்னும் அறையைக் காலி செய்யவில்லை.

இனிட்ராம்எஃப்எஸ் என்கிற கட்டுச்சோறு கெர்னலோடு வருவதில்லை, வந்திறங்கிய பிறகு இங்கே கட்டுவது. அதனால் தங்கள் இடக்கணக்கில் அது சேரவே இல்லை. பாதி கட்டும்போது 'இடமில்லை' என்று கைவிட்டு, சோறில்லாத மாப்பிள்ளையையே முகூர்த்தத்துக்கு அனுப்பினீர்கள். ரூட்டை மவுண்ட் செய்ய வழியின்றி அவர் மயங்கி விழுந்தார். க்ரப் மெனுவின் கொல்லைப்புறத்தில் கிடந்த பழைய கெர்னல்தான் எழுந்து வந்து வீட்டைத் திறந்தது.

பழையதை நீக்கி இடம் பண்ணலாம் என்றால், முதலில் ஃபிக்ஸ்-புரோக்கன் கொடு என்றீர்கள். கொடுத்தால் இடமில்லை என்றீர்கள். சரி, நீக்குகிறேன் என்றால் மறுபடி ஃபிக்ஸ்-புரோக்கன்! நிரம்பி வழியும் பூட்டில் இதை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீர்களா? ஆரம்பிக்கும் முன் இடம் இருக்கிறதா என்று பார்க்க எத்தனை வரி நிரல் வேண்டும்? கடை வாசலில் ஆள் நிற்கிறது, என் பிழைப்பு ஐயா இது!

மன்னிக்கவும். சம்பந்திகளிடம் குரல் உயர்த்தக் கூடாது.

கடைசியில் ஓடாத கெர்னல் ஒன்றின் கட்டுச்சோற்றைக் கையாலேயே அழித்துவிட்டு, மிச்சத்தை கான்ஃபிகர் செய் என்று டிபிகேஜியிடம் சொன்னதும் எல்லாம் சரியானது. தங்கள் பிழைச்செய்தி ஏனோ இந்த வழியை மட்டும் சொல்லவில்லை.

2021இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற யூடியூபர் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் போடப் போய், டெஸ்க்டாப்பே கழன்று விழுந்தது. அவரிடமாவது 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கழற்றினார்கள். என்னிடம் அந்தச் சம்பிரதாயமும் இல்லை; தாம்பூலம் மாற்றாத கல்யாணம்.

கெர்னல் தொகுப்புக்கு ஹோல்டு போட்டிருக்கிறேன். அடுத்த மாப்பிள்ளை திண்ணையில் உட்காரலாம், மோர் தருகிறேன். பூட் பார்ட்டிஷனில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தந்தால் நாள் குறிப்பது பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பெண் வீட்டார்