கொடியை நடுவில் வரையாத குற்றம்

பெறுநர்: ரெக்கார்டு மதிப்பீட்டுக் குழுவினர், மகப்பேறு செவிலியர் துறை, நான் படித்த கல்லூரி.

பொருள்: கழித்துக்கொண்ட 3 மார்க்கைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேடம்களுக்கு,

செமஸ்டர் முறை வருவதற்கு முன் உங்களிடம் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள் நான். இப்போது ஓர் அரசு மருத்துவமனை லேபர் ரூமில் வேலை. நைட் டியூட்டியில் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததால் பழைய கணக்கைத் தீர்க்கலாம் என்று எழுதுகிறேன்.

என் ரெக்கார்டின் பன்னிரண்டாவது கேஸ் நினைவிருக்கும். குழந்தை பிறந்து நஞ்சு வெளியே வந்தபோது தொப்புள்கொடி அதன் நடுவில் இல்லை. விளிம்பில் ஒட்டியிருந்தது, மட்டைக்குக் கைப்பிடி போல. இதற்குப் பாடப்புத்தகத்திலேயே ‘பேட்டில்டோர்’ என்று பெயர் உண்டு. பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தேன். ‘படம் சரியில்லை, கொடியை நடுவில் வரையவும்’ என்று சிவப்பு மையில் எழுதினீர்கள். அழித்துவிட்டு நடுவில் வரைந்தேன். கடவுள் வைத்த இடத்தைவிட நீங்கள் சொன்ன இடம் லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அழித்த தடம் தெரிகிறது என்று 3 மார்க் கழித்தீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

விதிகளை நான் குறை சொல்லவில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் எங்கள் காலத்துக்கு வகுத்த பட்டியல் தெளிவானது: நார்மல் டெலிவரி 20, பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு 20, எபிசியாட்டமி போட்டுத் தைப்பது 5, சிசேரியனுக்கு உதவி 1. பட்டியல் நல்ல பட்டியல்தான். நாடுதான் அதற்கு ஒத்துழைக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. ஒன்று போதும் என்ற சிசேரியன் தடுக்கி விழுந்த இடமெல்லாம் கிடைத்தது. இருபது வேண்டிய நார்மலுக்குத்தான் கல்லூரி பஸ் பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போய், வேறு மூன்று கல்லூரிப் பிள்ளைகளோடு இடித்துக்கொண்டு நின்றோம்.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தாய், பதினோரு மாணவிகள். ஒருத்தி தலை வெளிவரும்போது கீழே தாங்கிப் பிடித்தாள். ஒருத்தி துணியோடு குழந்தையை வாங்கினாள். ஒருத்தி கடிகாரம் பார்த்து நேரம் சொன்னாள். ஒருத்தி கொடியில் கிளாம்ப் போட்டாள், இன்னொருத்தி ஆக்சிடோசின் 10 யூனிட்டை ஊசியில் ஏற்றிக் கொடுத்தாள். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் எட்டிப் பார்த்தவர்களில் ஒருத்தி, அதுவும் இரண்டாவது வரிசை. விடிவதற்குள் அந்தக் குழந்தை பதினோரு ரெக்கார்டுகளில் பதினோரு முறை பிறந்தது. பத்தில் எடை 2.8 கிலோ. பார்த்து எழுதிய அவசரத்தில் ஒருத்தி மட்டும் 3.2 என்று போட்டுவிட்டாள். அவளுக்குத்தான் அதிக மார்க். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சங்கதி. 1952இல் வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர், பிறந்த குழந்தைக்கு மார்க் போட ஒரு வழி கண்டுபிடித்தார். நாடித்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் சிணுங்குவது, நிறம். ஐந்துக்கும் 0, 1, 2. பிறந்த ஒரு நிமிடத்தில் போட்டு முடித்துவிட வேண்டும். கையும் காலும் நீலம் பாரித்திருப்பதால் அப்போது பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளை அபூர்வம். ஐந்தாவது நிமிடத்தில் மறுமதிப்பீடு உண்டு, கட்டணமில்லாமல். இதை எங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் நீங்கள்தான். பரீட்சையிலும் கேட்டீர்கள். அதில் தோற்றத்துக்கு ஐந்தில் ஒரு பங்குதான் என்பதை மட்டும் எங்களுக்கு மார்க் போடும்போது மறந்துவிட்டீர்கள். பிரவுன் அட்டை, இரட்டைக் கோடு மார்ஜின், தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச் பேனா... மூச்சு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

கேர் ப்ளானில் ஒரு கட்டம் வரும்: ‘தாயின் பதற்றம் குறைந்தது’. இருபது கேஸிலும் குறைந்தது என்றே எழுதியிருக்கிறேன். குறையாத தாய்க்குக் கட்டம் கிடையாது. ஆறு மணி நேரம் ஒரு பெண்ணின் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நின்றாளே எங்கள் வகுப்பு மலையாளத்துப் பெண், அதற்கும் கட்டம் இல்லை. அவள் போன பிறகு டெலிவரி ஆனதால் அந்தக் கேஸே அவள் கணக்கில் வரவில்லை. அங்கிருந்த மூத்த சிஸ்டர் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே முனகல் மாறுவதைக் கேட்டு ‘தலை இறங்கிடுச்சு, ஓடு’ என்பார். ஒரு நாளும் தப்பியதில்லை. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆனது.

இவ்வளவு பேசுகிறேனே, நான் மட்டும் யோக்கியமா? போன வாரம் ஒரு பிள்ளை ‘அக்கா, ஒரே ஒரு கையெழுத்து’ என்று கேஸ் புக்கை நீட்டினாள். அவள் பத்தாவது ஆளாக நின்றது எனக்குத் தெரியும். நாளை மறுநாள் சப்மிஷன் என்றாள். போட்டுவிட்டேன்.

அதனால் என் 3 மார்க்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கோரிக்கையை மாற்றிக்கொள்கிறேன். எத்தனை கேஸ் என்பதைக் கவுன்சில் சொல்லட்டும். அதில் ஐந்துக்காவது நீங்கள் எங்கள் லேபர் ரூமுக்கு வந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நில்லுங்கள். கையைப் பார்த்து அங்கேயே மார்க் போடுங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி

பின்குறிப்பு: கடைசி நாள் கையெழுத்துக்குக் காத்திருந்தபோது, என் மூன்று பாக ரெக்கார்டைக் குழந்தை எடை பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தேன். 3.9 கிலோ. என் இருபது கேஸிலும் அவ்வளவு பெரிய பிள்ளை பிறக்கவில்லை.