கிராஃபிக்ஸ் கார்டைக் குலுக்கிப் பார்த்த கதை

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனைச் சொந்தக்காரர்கள் பில் கேட்ஸுக்குப் பங்காளி என்று நினைக்கிறார்கள். ஆதாரில் பேர் மாற்ற, நீட் விண்ணப்பம் போட, டிவி ரிமோட்டுக்கு எந்த பேட்டரி என்று கேட்க, எல்லாவற்றுக்கும் நான்தான். ஆகவே அக்கா மகன் கேமிங் பிசி கேட்டபோது வழக்கு நேராக என் பெஞ்சுக்கு வந்தது.

எனக்கு இதில் கொஞ்சம் தகுதி உண்டுதான். என் கடை ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர். ஸ்கூல் விட்டதும் யூனிஃபார்மோடு வந்து ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடிய பையன்கள் இப்போது ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருக்கிறார்கள். அன்றைக்கு அந்த விளையாட்டுக்கு ஏதோ ஒரு பென்டியம் போதும். கர்சர் அசைந்தால் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எஃப்பிஎஸ் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. 'அரை மணிக்கு எவ்வளவுண்ணா' என்றுதான் கேட்டார்கள்.

அக்கா மகன் அந்தத் தலைமுறை இல்லை. கையில் லிஸ்டோடு வந்தான். முதல் வரியில் கண்ணாடிக் கேபினட். இரண்டாவதில் ஏழு கலர் மாறும் ஃபேன். மூன்றாவதில் ஃபேனின் கலரை மாற்ற ஒரு ரிமோட். பிராசஸர் பேரைப் பக்கத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் லிஸ்டிலேயே இல்லை. கேட்டதற்கு, "அது கேபினட்கூடவே ஃப்ரீயா வரும் மாமா" என்றான்.

இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் ஊர்ப்பட்ட மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும். ஃபேன் யோசித்து யோசித்துச் சுற்றும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் வரும். அந்த உதையை முதலில் வாங்குவது எஸ்எம்பிஎஸ்தான். நல்லதாக இருந்தால் தான் மட்டும் சாகும். மட்டமானது மதர்போர்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகும். அதனால் என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு முதலில் பணம், மினுக்குகிறதுக்கு மிச்சம் இருந்தால் பணம்.

கண்ணாடிக் கேபினட்டையும் அப்படித்தான் வெட்டினேன். முன்பக்கம் கண்ணாடி என்றால் காற்று எந்த வழியாக உள்ளே போகும்? வலை வைத்த முகப்புதான் வேண்டும். வலையிலும் பொடிக்கண்ணாக இருப்பது நல்லது, ஏனென்றால் எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர்களுக்கு வைரஸைவிடப் பெரிய எதிரி பல்லி. மார்கழிக் குளிருக்கு எஸ்எம்பிஎஸ் சூடு அதற்குச் சுகமாக இருக்கிறது. பின்பக்கம் ஸ்லாட் தகடு கழன்ற ஓட்டை வழியாகப் போய், மதர்போர்டில் முட்டையிட்டு, ஒருநாள் இரண்டு பின்னுக்கு நடுவே வாலை வைத்துப் பாலம் போட்டுவிடும். நான் திறந்து பார்த்த கேபினட்டுகளில் ரேம் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் நீட்டிப் படுத்து அப்பளமாகக் காய்ந்திருந்த ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. உயிர் போன இடத்திலிருந்தே எது ஷார்ட் ஆனது என்று சொல்லிவிடலாம். நான் இதை விவரித்து முடித்ததும் பையன் மௌனமாகக் கண்ணாடிக் கேபினட்டை அடித்தான்.

அடுத்தது பட்ஜெட். அக்கா வீட்டுக்காரர் தக்காளி போடுகிறார், ஓரத்தில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழுவும் வளர்க்கிறார். பாலக்கோடு தக்காளி மண்டியின் அன்றாட விலைதான் பையனின் பட்ஜெட். விலை ஏறிய வாரம் அறுபதாயிரம் என்றார். இறங்கியதும் நாற்பது. "அதுக்குள்ள முடி மச்சான். மானிட்டர் உன் கடையில பழசு கிடக்குதில்ல?" என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

தக்காளி இறங்கிய அதே சமயத்தில் ரேம் ஏறியது. 2025 கடைசியில் நடந்த கூத்து அது. உலகம் முழுக்க ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை லாரி லாரியாக வாங்கத் தொடங்கியதும், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும் ரேமின் விலை சில மாதத்தில் இரண்டு மூன்று மடங்கானது. டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, இத்தனை வருஷம் நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய குரூஷியல் ரேம் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. சில்லறை வியாபாரம் கட்டுப்படியாகவில்லை, மொத்த வியாபாரிக்கே கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் அதன் சாரம். இதை அக்கா வீட்டுக்காரருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "அந்த ரேமு நம்ம மண்ணுல வருமா?" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாற்பதாயிரத்தில் தனி கிராஃபிக்ஸ் கார்டு என்ற ஆசையை ஒத்திவைத்துவிட வேண்டும். பிராசஸருக்குள்ளேயே ஓரளவு கிராஃபிக்ஸ் உள்ளதை வாங்கி, கார்டுக்கு இடம் விட்டுவைப்பதுதான் வழி. 2021-ல் வந்த ரைசன் 5 5600ஜி அதற்குத் தோது: ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உள்ளேயே வேகா கிராஃபிக்ஸ். ஆனால் இந்த வகையில் ஒரு சூட்சுமம் உண்டு. உள் கிராஃபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது. ரேமில்தான் கடன் வாங்கிச் சாப்பிடும். ஆகவே 16 ஜிபி ஒரே குச்சியாகப் போட்டால் பாதை ஒற்றை வழி, எட்டு எட்டாக இரண்டு போட்டால் இரட்டை வழி. அதே பணத்துக்கு, அதே 16 ஜிபிக்கு, கேம் ஓடும் லட்சணமே மாறிவிடும். கடைக்காரர்கள் ஒற்றைக் குச்சியைத்தான் தள்ளுவார்கள். "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் சார்" என்பார்கள். ரேம் விற்கும் விலைக்கு அந்தப் பின்னாடி இப்போதைக்கு வராது.

பையனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஜிடிஏ 6 ஓடாதே மாமா" என்றான். யாரிடத்திலும் ஓடாது என்றேன். 2026 நவம்பருக்குத் தள்ளிப்போட்டிருக்கும் அந்த ஆட்டம், வந்தாலும் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான். கம்ப்யூட்டருக்குத் தேதியே சொல்லவில்லை. ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் அங்கே வந்து, கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் இவன் காலேஜ் முடித்துவிடுவான்.

சாமான் வாங்க எங்களுக்குச் சென்னை ரிச்சி தெருவைவிடப் பெங்களூரு எஸ்பி ரோடுதான் கிட்ட. கே.ஆர். மார்க்கெட் பக்கம் இறங்கி நடந்தால் வந்துவிடும். இரண்டு ஆள் எதிரெதிரே நடந்தால் ஒருவர் கடைக்குள் ஒதுங்க வேண்டிய சந்துகள்; உள்ளே உலகத்தின் அத்தனை ஒயரும் தொங்கும். தர்மபுரிக்காரனுக்குக் கன்னடம் பாதி வரும், மீதியைக் கடைக்காரரே தமிழில் சொல்லிவிடுவார். அக்கா வீட்டுக்காரரும் வந்திருந்தார். பணம் அவர் இடுப்பில் இருந்ததால் வராமல் இருக்க முடியாது.

ஒரு கடையில் பழைய ஆர்எக்ஸ் 580 கார்டு எடுத்துக் காட்டினார்கள். பையன் முகத்தில் பல்பு எரிந்தது. 2017-ல் வந்த கார்டு. விலை நப்பாசை காட்டியது. இந்த மாதிரிக் கார்டுகளின் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும். எத்தீரியம் காயின் தோண்டுகிறவர்கள் இவற்றை அடுக்கடுக்காக மாட்டி இரவுபகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் முறையை மாற்றிக்கொண்டு கார்டே வேண்டாம் என்றதும், அத்தனையும் சந்தைக்கு வந்துவிட்டன. கடைக்காரர் சத்தியம் செய்தார்: "ஒரே ஆள் யூஸ் பண்ணது சார். ஞாயித்துக்கெழம மட்டும் கேம் ஆடுவாரு."

அக்கா வீட்டுக்காரர் கார்டைக் கையில் வாங்கினார். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் எத்தனையோ வருஷமாக நிற்கிறவர். அங்கே வியாபாரிகள் தட்டில் கைவிட்டுக் கூட்டை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்குவார்கள். உள்ளே புழு நன்றாக இருந்தால் கடகட என்று சத்தம் வரும். செத்து உருகி ஒட்டிக்கொண்டிருந்தால் ஊமைக்கூடு. இவர் கார்டைக் காதோரம் வைத்து ஒரு குலுக்கு குலுக்கினார். உள்ளே கடகட என்றது. ஃபேனுக்கு அடியில் ஏதோ ஸ்க்ரூ கழன்று கிடந்திருக்க வேண்டும்.

"நல்ல கூடு மச்சான். எடுத்துக்கலாம்" என்றார்.

கடைக்காரர் கார்டைத் திரும்ப வாங்கி மேசைக்கடியில் வைத்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! பையன் வெளியே போய் ஒயர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

மிச்சத்தைப் புதிதாக, பில்லோடு வாங்கினோம். பில் இல்லாமல் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று ஆசை காட்டினார்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டியும் போய்விடும். எஸ்எம்பிஎஸ் மட்டும் பின்னால் வரப்போகும் கார்டுக்கும் சேர்த்து 550 வாட். பஸ்ஸில் கேபினட் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் போடுங்கள் என்று கண்டக்டர் ஓசூர் வரை வழக்காடினார்.

பழைய ஜிடிஏ 5 செட்டிங்கைக் கொஞ்சம் இறக்கிவைத்தால் ஓடுகிறது. பையனுக்கு அது போதாது. ஆர்எக்ஸ் 6600 கார்டு வேண்டும், அது வெறும் 132 வாட்தான் என்று அப்பாவிடம் மனு போட்டிருக்கிறான். அவர் அதற்கும் பதில் தயாராக வைத்திருக்கிறார். கார்டு மாட்டினால் மொத்தம் 300 வாட், தினம் நாலு மணி நேரம், அறுபது நாள்: 72 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு கொடுக்கும் 100 யூனிட் இலவசத்தில் இவன் ஒருத்தனே முக்கால்வாசியைத் தின்றுவிட்டால் ஃபிரிட்ஜுக்கு யார் கட்டுவது என்று கேட்கிறார். இந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் கொடுத்தவன் நான் என்பது பையனுக்குத் தெரியாது.

கடைசியில் அடுத்த போகம் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்தால் கார்டு என்று தீர்ப்பாகியிருக்கிறது. இத்தனை வருஷம் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டாலும் எட்டிப் பார்க்காதவன், இப்போது விடியற்காலையில் அப்பாவோடு மண்டிக்குப் போய்க் கிரேட் இறக்குகிறான். நேற்று கடைக்கு வந்து, கார்டு விலையைக் கிரேட் விலையால் வகுத்துக் காட்டினான்.

"தக்காளி ஊசிப்புழுவுக்கு எந்த மருந்து மாமா அடிக்கிறது?"

கூகுளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.