கேம்பிரிட்ஜ் மாதர் முத்திநெறி விளக்கம்

சைவ சித்தாந்திகள் முத்தியை நான்காகப் பகுப்பர். இறைவனின் உலகில் குடியிருப்பது சாலோகம். அவன் அருகில் இருப்பது சாமீபம். அவனுடைய வடிவையே பெறுவது சாரூபம். அவனோடு இரண்டறக் கலப்பது சாயுச்சியம். முன்னவை மூன்றும் பதமுத்தி. கடைசி ஒன்றே பரமுத்தி.

இந்தப் பகுப்பை நம்மூர் மடங்களைவிடக் கறாராக நடைமுறைப்படுத்திய நிறுவனம் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். 1869 முதல் 1948 வரை 79 ஆண்டுகள், ஒரு படியையும் தாவ விடாமல், அது பெண்களைக் கைப்பிடித்து மேலேற்றியது. இதைத் தாமதம் என்பாரும் உளர். அவர்கள் சாத்திரப் பயிற்சி இல்லாதவர்கள். இன்றைய பல்கலைக்கழகங்கள் சமத்துவத்தையும் பன்மைத்துவத்தையும் வளர்க்க ஓர் அலுவலகம், ஒரு துணைக்குழு, பல நிறத்து மாணவர்கள் புல்தரையில் அமர்ந்து சிரிக்கும் அட்டைப்படத்தோடு ஓர் ஆண்டறிக்கை என்று மூன்றே மாதத்தில் காரியத்தை முடித்துவிடுகின்றன. அவசரக்காரர்கள். படிமுறை என்றால் என்ன என்பதை அவர்கள் இங்கே கற்கலாம்.

முதலில் சாலோகம். எமிலி டேவிஸ் என்ற அம்மையார் 1869இல் பெண்களுக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் அல்ல, 40 கிலோமீட்டர் தள்ளி ஹிட்சின் என்ற ஊரில். மாணவியர் ஐவர். கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் ரயிலேறி வந்து பாடம் நடத்திவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினார்கள். ஐந்து பெண்கள் கேம்பிரிட்ஜுக்குப் போவதில் இருந்த ஆபத்து, பல ஆண்கள் ஹிட்சினுக்கு வருவதில் இல்லை என்று பெரியோர் கண்டிருக்கிறார்கள்.

1873இல் அந்தக் கல்லூரி கர்ட்டனுக்கு இடம் பெயர்ந்தது. ஊர் நடுவிலிருந்து நான்கு கிலோமீட்டர். இதற்கிடையே 1871இல் நியூனம் கல்லூரிக்கு ஊருக்குள்ளேயே வித்திடப்பட்டது. ஆக, சாமீபம் சித்தித்தது. விரிவுரைக்குப் போகலாமா என்றால் போகலாம், அந்த ஆசிரியர் மனமிரங்கினால். அது உரிமையன்று, அருள். அருளை முறையிட்டுக் கேட்க முடியாது என்பது எந்தச் சமயத்துக்கும் பொது. 1881இல் டிரைபாஸ் என்னும் ஆனர்ஸ் தேர்வுகளை எழுத முறைப்படி அனுமதி கிடைத்தது. தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு, பட்டம் மட்டும் கிடையாது.

சிக்கல் அனுமதியால் வரவில்லை, விடைத்தாளால் வந்தது. 1887இல் செம்மொழித் தேர்வின் முதல் வகுப்பு முதற்பிரிவில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: கர்ட்டனின் அக்நேட்டா ராம்சே. பல்கலைக்கழகம் இவருக்குப் பட்டம் தரவில்லை. ஆனால் மறு ஆண்டே டிரினிட்டி கல்லூரியின் தலைவர் இவரை மணந்துகொண்டார். மணமகனுக்கு 55 வயது, மணமகளுக்கு 21. இவ்வாறு டிரினிட்டியின் மதிலுக்குள் தலைவர் இல்லத்தில் ஒரு பெண் முறைப்படி குடியேறினார். டிரினிட்டி இளங்கலை மாணவியரைச் சேர்த்தது 1978இல் என்பதை நோக்க, இது 90 ஆண்டுக் குறுக்குவழி. எல்லோருக்கும் பரிந்துரைக்க இயலாது, தலைவர் ஒருவர்தானே.

1890 இன்னும் மோசம். கணித டிரைபாஸ் முடிவுகளை அக்காலத்தில் செனட் ஹவுஸ் மண்டபத்தில் உரக்க வாசிப்பார்கள். முதலிடம் பெற்றவர் சீனியர் ராங்லர். இங்கிலாந்தில் அந்தப் பெயருக்கு இருந்த மவுசு நம்மூரில் மாநில முதலிடத்துக்கு ஒரு காலத்தில் இருந்ததைவிடப் பெரிது. ஆண்களின் பட்டியலை வாசித்து முடித்தபின் பெண்களின் பட்டியல். பெண்களுக்குத் தனி எண் கிடையாது. இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே, இன்னாருக்குச் சமம் என்று ஆண்களை வைத்தே அளப்பார்கள். அன்று நியூனம் கல்லூரியின் பிலிப்பா ஃபாசெட்டின் பெயரைச் சொல்லி, சீனியர் ராங்லருக்கு மேலே என்று வாசித்தார்கள். இரண்டாவதாக வந்த அந்த முதலாமவரைவிட அவருக்கு 13 விழுக்காடு மதிப்பெண் கூடுதல். முப்பத்தாறு தத்துவங்களையும் கடந்த நிலையைத் தத்துவாதீதம் என்று நம் நூல்கள் சொல்லும். முதலிடத்துக்கும் மேலே ஓர் இடம் இருப்பதை கேம்பிரிட்ஜ் ஒப்புக்கொண்டது அன்றுதான். அந்த இடத்துக்குப் பட்டம் வழங்க விதியில் வழி இல்லை.

அதே தேர்வில் கடைசி இடத்துக்கும் ஒரு மரபு இருந்தது. ஆனர்ஸ் பட்டியலின் அடியில் வந்தவர் பட்டம் வாங்க மண்டியிடும்போது, துடுப்பு அளவுள்ள மரக்கரண்டி ஒன்றை மாடத்திலிருந்து நண்பர்கள் கயிற்றில் இறக்குவார்கள். அவருக்குப் பட்டமும் உண்டு, கரண்டியும் உண்டு. ஃபாசெட்டுக்கு இரண்டும் இல்லை. கரண்டியாவது கொடுத்திருக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கான தகுதி அவரிடம் இல்லையே.

அடுத்தது சாரூபம்: கலப்பு இல்லை, வடிவம் மட்டும். 1897 மே மாதம் வந்த தீர்மானம் இதைத்தான் கேட்டது. பெண்களைப் பல்கலைக்கழக உறுப்பினராக்க வேண்டாம், வாக்குரிமை வேண்டாம், பி.ஏ. என்ற எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளட்டும் என்ற அளவுக்கு அடக்கமான கோரிக்கை. இதைத் தீர்மானிக்கும் உரிமை எம்.ஏ. பட்டதாரிகளுக்கு. கேம்பிரிட்ஜ் எம்.ஏ.வுக்குத் தேர்வு கிடையாது. அக்காலத்தில் பி.ஏ. முடித்தவர் சில ஆண்டுகள் உயிரோடிருந்து கட்டணம் செலுத்தினால் எம்.ஏ. ஆகிவிடுவார். அப்படி உயிரோடிருந்தவர்கள் லண்டனிலிருந்து சிறப்பு ரயில்களில் வந்து இறங்கினார்கள். கிராமப்புறப் பாதிரிமார் கணிசம். செனட் ஹவுஸுக்கு எதிரே, புத்தகக்கடை மேல்மாடியில், நிக்கர் அணிந்து சைக்கிள் ஓட்டும் பெண்ணின் உருவ பொம்மையைத் தொங்கவிட்டிருந்தார்கள் மாணவர்கள். தீமையின் வடிவத்துக்குச் சைக்கிளைத் தேர்ந்தது அக்காலத்தில் ஆய்ந்த முடிவு. ஆதரவு 660 சொச்சம், எதிர்ப்பு 1,713. வெற்றியை வாணவேடிக்கையோடு கொண்டாடி, பொம்மையைப் பிய்த்து, நியூனம் வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அறிவுச் சூழலுக்குப் பெண்கள் வந்தால் அமைதி கெடும் என்ற வாதம் அன்றிரவு ஐயமற நிரூபணமாயிற்று.

சிலர் இடையில் வேறு தெய்வத்திடம் போனதையும் மறைக்கலாகாது. 1904 முதல் 1907 வரை டப்ளினின் டிரினிட்டி கல்லூரி, கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்போர்டிலும் தேறிய பெண்களுக்குத் தன் பட்டத்தை வழங்கியது. 700க்கும் மேற்பட்டோர் கப்பலேறிப் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பினர். நீராவிக்கப்பல் மாதர் என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் செலுத்திய கட்டணம் டப்ளினில் மாணவியர் விடுதிக்குப் பயன்பட்டது. கேம்பிரிட்ஜில் விளைந்த பக்குவத்துக்கு அயர்லாந்து கூலி வாங்கிக்கொண்டது.

இந்த நிறுவனம் எல்லோரிடமும் இப்படிக் கறாராக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையில் எஃப்.ஏ. தேர்வில் தோற்ற கும்பகோணத்து ராமானுஜன் 1914இல் அங்கே போனார். வழக்கமான தகுதி இல்லை என்பதைத் தள்ளி வைத்து, ஆய்வுக் கட்டுரை ஒன்றின் பேரில் 1916இல் அவருக்கு பி.ஏ. வழங்கினார்கள். சரியாகவே செய்தார்கள். கடல் கடந்து வந்தவர், வேற்று மதத்தவர், நம்மூர்த் தேர்வில் தோற்றவர், எல்லாவற்றையும் விதி விழுங்கிக்கொண்டது. விதியால் விழுங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்.

1920இல் பெண்களுக்குப் பட்டம் தர ஆக்ஸ்போர்டு இணங்கிவிட்டது. போட்டி நிறுவனம் செய்ததை உடனே செய்வது இழிவு என்பதால் கேம்பிரிட்ஜ் 1921இல் மறுபடி வாக்கெடுத்து, உறுப்பினராக்க மறுத்து, பட்டத்தின் பெயரை மட்டும் அளித்தது. மாணவர்கள் ஒரு கைவண்டியை உருட்டிக்கொண்டு போய் நியூனம் கல்லூரியின் வெண்கலக் கதவை இடித்தார்கள். அது அக்கல்லூரியின் முதல் தலைவி நினைவாக வைத்த கதவு. இவ்வாறு சாரூபம் கைகூடியது. மாணவியர் 500 பேருக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் பிறகு வந்தது.

சாரூபத்தின் நுட்பத்தை உணர டாரத்தி காரட் அம்மையாரைப் பார்த்தால் போதும். பாலஸ்தீனத்தின் கார்மேல் மலைக் குகைகளை அகழ்ந்தவர். 1939இல் கேம்பிரிட்ஜ் அவரைத் தொல்லியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் பேராசிரியரான முதல் பெண். ஆனால் உறுப்பினர் அல்லர். ஆய்வை வழிநடத்தலாம், துறையை ஆளலாம், அவரிடம் படித்து முடித்த பையன் வாக்களிக்கப் போவதைச் சன்னல் வழியே பார்க்கலாம். பேராசிரியராக இருந்துகொண்டே பல்கலைக்கழகத்தில் இல்லாமலிருப்பது யோகிகளுக்கும் எளிதில் கைவராத நிலை.

1947 டிசம்பரில் பெண்களை உறுப்பினராக்கும் தீர்மானம் நிறைவேறியது. அரச ஒப்புதல் 1948 மே மாதம். பிலிப்பா ஃபாசெட் ஜூனில் காலமானார், வயது 80. அக்டோபரில் முதல் பட்டம் வழங்கப்பட்டது. பெற்றவர் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி எலிசபெத் அரசியார், கௌரவப் பட்டம். டிரைபாஸ் எழுதாதவர். சாயுச்சியத்துக்கு முன்வினை தேவையில்லை என்று வாதிடும் கட்சிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

சீவன்முத்தருக்கும் வாசனாமலம் எஞ்சும் என்பது விதி. பல்கலைக்கழகம் தெளிந்தாலும் கல்லூரிகள் தெளியவில்லை. ஆண்கள் கல்லூரிகளில் சர்ச்சில், கிளேர், கிங்ஸ் மூன்றும் 1972இல் முதலில் திறந்தன. 1975இல் ரோஸ்மேரி மர்ரே முதல் பெண் துணைவேந்தரானபோது அவர் ஆண்ட பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதினெட்டு வயதுப் பெண் விண்ணப்பிக்கவே முடியாது. கடைசியாக இணங்கியது மாட்லின் கல்லூரி, 1988இல். மாணவர்களில் சிலர் கையில் கறுப்புப் பட்டை கட்டினர். கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அவர்களும் உரிய ஆண்டுகள் உயிரோடிருந்து, இந்நேரம் எம்.ஏ. ஆகியிருப்பார்கள்.